கடைசி ஒன்பது பிடிகள்

ஜூன் 2, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடி, எங்கள் வேதக்கோயிலின் ஒலிபெருக்கிப் பொறுப்பை ஒருமனதாக என்னிடம் ஒப்படைத்தது. சுகிர்தம் டீச்சர் மட்டும் கை தூக்கவில்லை. பாடகர் குழுவை நடத்துகிறவர் அவர். தோள்பட்டை வலியாக இருக்கலாம்.

தொலைபேசி இலாகாவில் முப்பத்தாறு வருடம் பழுது பார்த்தவன் நான். எந்தப் பழுதையும் தேதி போட்டுப் பதிவேட்டில் எழுதாமல் விட்டதில்லை. ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் கை சும்மா இருக்க மறுக்கிறது. ஆகவே இந்த நோட்டு இன்று முதல் கோயில் ஒலிபெருக்கியின் பதிவேடு. வீட்டு விஷயங்கள் இதில் இடம்பெறாது.

ஜூன் 5, புதன்

மேலப்பாளையம் மீரான் பாய் புதிய ஈக்வலைசர் பெட்டியைக் கொண்டுவந்து பொருத்தினார். பாளையங்கோட்டையைச் சுற்றித் தர்காக் கந்தூரி, அம்மன் கோயில் கொடை, பண்டிகை எதுவானாலும் அவர்தான் ஒலிபெருக்கி கட்டுவார்.

பெட்டியின் முகத்தில் மேலும் கீழும் நகர்கிற முப்பத்தொரு சின்னப் பிடிகள் வரிசையாக இருக்கின்றன. இடது ஓரத்துப் பிடி இடி மாதிரி ஆழ்ந்த ஒலிக்கு. வலப்புறம் போகப் போக ஒலி மெலிந்து, கூர்மையாகி, கடைசியில் கொசுவையும் தாண்டிப் போய்விடும். நடுவில் மனிதர் பேச்சு.

பழைய பெட்டியில் பதினைந்தே பிடிகள். மைக் ஊளையிட்டால், ஊளை இருக்கும் இடத்துப் பிடியை இறக்க வேண்டும். பதினைந்துதான் என்பதால் ஒவ்வொரு பிடியும் அகலமான இடத்தை வளைத்துப் போட்டிருந்தது. ஊளையோடு சேர்ந்து குருவானவரின் பாதிக் குரலும் இறங்கிவிடும். கம்பளிக்குள்ளிருந்து பிரசங்கம் செய்வது போல இருக்கும். ஒரு வீட்டு இணைப்பைத் துண்டிக்கத் தெரு முழுவதையும் துண்டிப்பதற்குச் சமம். புதிய பெட்டியில் வீடு வீடாகத் துண்டிக்கலாம்.

மீரான் பாய் எல்லாப் பிடிகளையும் நடுக்கோட்டில் நிறுத்தி, மூன்றை மட்டும் இறக்கினார். இருபத்து நான்காவதை நன்றாகவே இறக்கினார். ஏன் என்று விளங்கவில்லை. அங்கே ஒரு சத்தமும் எனக்குக் கேட்கவில்லை.

“அண்ணாச்சி, ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கிடுங்க. இது கூட்டுத பொட்டி இல்ல, கழிக்கித பொட்டி. ஊளை எங்க வருதோ அந்தப் பிடிய மட்டும் கொஞ்சமா இறக்குங்க. ஏத்துனீங்கன்னா ஊளைய வெத்தலை பாக்கு வச்சு அழைக்கித மாதிரி” என்றார்.

தெரியும் என்றேன்.

ஜூன் 9, ஞாயிறு

புதிய பெட்டியில் முதல் ஆராதனை. குருவானவர் வேதமாணிக்கம் ஐயாவின் பேச்சில் கூர்மையே இல்லை. ‘சமாதானம்’ என்பது ‘அமாதானம்’ என்று விழுந்தது. போன மாதம் பல் கட்டினார், அதன் வேலை. இருபத்து மூன்று முதல் இருபத்தாறு வரை நான்கு பிடிகளை மேலே தள்ளினேன். கொஞ்சம் தெளிவு கிடைத்தது. இன்னும் தள்ளினேன்.

உடனே பலன் தெரிந்தது. ஜெபத்தின்போது சபையில் பாதிப் பேர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்கள். சிலர் கண்களில் நீர். இப்படி ஓர் உருக்கத்தை நம் கோயிலில் நான் பார்த்ததே இல்லை.

ஜூன் 12, புதன்

வீட்டு விஷயம்தான், ஆனாலும் மின்சாதனப் பழுது என்பதால் எழுதுகிறேன். வாசலில் உள்ள குருவிச் சத்த அழைப்புமணி வேலை செய்யவில்லை. பேட்டரி மாற்றியும் பயனில்லை. மாதத்தில் இது மூன்றாவது பேட்டரி. வெள்ளையடிக்கிறவர் ஒருவர் கால் மணி நேரம் வெயிலில் நின்று மணியை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். வீட்டுக்கு ரோஜா நிறம் அடிக்க வந்தாராம்.

“யார் வரச் சொன்னது?” என்று கேட்டேன்.

என் மனைவி ஜெயசீலி அடுப்படியிலிருந்து வந்தாள். “உங்ககிட்ட கேட்டுத்தானே வரச் சொன்னேன்? சரி, பாக்கலாம்ன்னு சொன்னீங்களே.”

நான் சொன்னதாக நினைவில்லை. அவள் எது சொன்னாலும் சரி, பார்க்கலாம் என்பது வழக்கம்தான். இது பொதுவான பதில். இதை ரோஜா நிறத்துக்கான சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஜூன் 16, ஞாயிறு

முன் வரிசைகள் நான்கும் காலி. எல்லோரும் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்பதால் இனி முன்னால் உட்கார வேண்டிய அவசியமே இல்லை என்று சபை உணர்ந்திருக்கிறது.

ஆராதனை முடிந்து சுகிர்தம் டீச்சர் நேராக என்னிடம் வந்தார்.

“அண்ணாச்சி, கீச்சுன்னு ஒரு சத்தம் மண்டைக்குள்ள ஊசி எறக்குத மாதிரி வருது. ஆல்டோ பாடுத பிள்ளைகளுக்குத் தலைவலி.”

“எனக்கு ஒரு சத்தமும் வரலியே டீச்சர்.”

“அதத்தான் நானும் யோசிக்கேன்” என்றார்.

தொலைபேசியில் மூவாயிரத்து நானூறு ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் அனுப்புவதில்லை என்றும், அந்த அளவை வைத்துக்கொண்டே இந்த ஜில்லாவில் கல்யாணம் பேசினார்கள், சாவுச் செய்தி சொன்னார்கள் என்றும், அதற்கு மேலே இருப்பது வெறும் அலங்காரம் என்றும் விளக்கினேன். டீச்சர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அலங்காரத்த எறக்கி வைங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுப் போனார். பொறாமை.

ஜூன் 23, ஞாயிறு

பெண்கள் ஐக்கிய சங்க ஞாயிறு. ஜெயசீலி வேத பாடம் வாசித்தாள். ஒரு வாரமாக வீட்டில் வாசித்துப் பழகினாள், புதுப் புடவை. அவள் குரல் மெலிதானது. மைக்கில் எனக்கு எட்டவே இல்லை. கணவன் என்ற முறையிலும் பொறுப்பாளர் என்ற முறையிலும் உதவ வேண்டியது என் கடமை. வலப்புறத்து ஒன்பது பிடிகளையும் உச்சி வரை தள்ளினேன்.

மூன்றாவது வசனத்தில் நிறுத்தினாள். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். கைக்குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழுதன. ஜெயசீலி வேதாகமத்தை மூடிவிட்டு, முகம் சிவக்கப் படியிறங்கிப் போனாள். குருவானவர் பாய்ந்து வந்து மெயின் சுவிட்சையே அணைத்தார்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டியில் ஏதோ கோளாறு.

ஜூன் 25, செவ்வாய்

ஜெயசீலி இரண்டு நாட்களாகப் பேசவில்லை.

ஜூன் 26, புதன்

இன்றும் பேசவில்லை. மூன்றாவது நாள். இனி நானே இறங்கி வருவது என்று முடிவு செய்து, அடுப்படி வாசலில் நின்று, “சீலி, நடந்தது நடந்துபோச்சு. இப்படிப் பேசாம இருந்தா எப்படி?” என்றேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் திரும்பி என்னையே பார்த்தாள்.

“யாரு பேசல? காலைல இருந்து தொண்டை தண்ணி வத்தப் பேசிக்கிட்டிருக்கேன். ஒண்ணுக்காவது திரும்பிப் பாத்தீங்களா? நீங்கதான் கோவமா இருக்கீங்கன்னு நான் நெனச்சேன்.”

வெந்நீர் வைத்திருப்பதாகச் சொன்னாளாம். அவள் தங்கை ஊருக்கு வருவதாகச் சொன்னாளாம். ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு நான் வருத்தம் சொல்லாதது பற்றி நான்கு தடவை சொன்னாளாம்.

அடுப்படி மின்விசிறி அதிகம் இரைகிறது. எண்ணெய் விட வேண்டும்.

ஜூன் 28, வெள்ளி

கமிட்டி விளக்கம் கேட்டதால் மீரான் பாயை வரவழைத்துப் பெட்டியைச் சோதித்தேன். காலை பதினொரு மணி. கோயிலில் எங்களைத் தவிரப் பீடத்துப் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளைத் துலக்கிக்கொண்டு ஜெயசீலி மட்டும் இருந்தாள்.

மீரான் பாய் ஒவ்வொரு பிடிக்கும் உரிய ஒலியைத் தனித்தனியாக ஒலிக்கவிடுவார். கேட்டால் நான் கை தூக்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு எந்தக் காதுக்கும் எட்டாத ஆழம். அதை விட்டுவிட்டால் இருபத்திரண்டாவது பிடி வரை ஒழுங்காகக் கேட்டது. இருபத்து மூன்றில் காத்திருந்தேன்.

“போடுங்க பாய்.”

“போட்டாச்சு அண்ணாச்சி.”

“கேக்கலியே. அடுத்தது போடுங்க.”

“அதுவும் போட்டாச்சு.”

ஜெயசீலி துலக்குகிற துணியைப் போட்டுவிட்டு இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டாள். பித்தளை மினுக்கும் பொடியின் நெடி மூக்கில்தான் ஏறும் என்று நினைத்திருந்தேன்.

முப்பத்தொன்று வரை இதே நிலை. முடிவு: கடைசி ஒன்பது பிடிகள் செத்துக் கிடக்கின்றன. புத்தம்புதுப் பெட்டி. மீரான் பாயிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

ஜூன் 30, ஞாயிறு

இரண்டு பக்க அறிக்கையைக் கமிட்டியில் வாசித்தேன். ஒன்பது பிடிகள் இயங்காததால்தான் ஊளையைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்று படம் வரைந்து காட்டினேன். கமிட்டி ஏற்றுக்கொண்டது. பெட்டியைத் திருப்பிக் கொடுப்பது என்றும், அடுத்த மாதம் வரும் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு வேறு ஆளை அமர்த்துவது என்றும் தீர்மானம். மற்றக் கோயில்களும் ஏமாந்துவிடாதபடி ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறேன் என்றார் குருவானவர்.

மீரான் பாய் கதவோரம் நின்றிருந்தார். “பாய், நீங்க ஏதாவது சொல்லணுமா?” என்று குருவானவர் கேட்டார்.

“இல்லீங்க ஐயா. அண்ணாச்சி சொல்லிட்டாங்கள்லா” என்றார்.

குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வெற்றிதான். மத்தியானம் சோறு இறங்கவில்லை. குழம்பில் உப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

ஜூலை 1, திங்கள்

ஜெயசீலி எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“அந்தப் பொட்டியில ஒரு கொறையும் இல்ல. இருபத்து மூணாவது பிடில இருந்து எனக்குப் பல்லு கூசிச்சு. அந்த மனுசன் பொழப்பக் கெடுத்துட்டு வந்திருக்கீங்க.”

பெண்களுக்கு இயந்திரம் பற்றித் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

ஜூலை 4, வியாழன்

ஜெயசீலிக்குக் காதில் ஏதோ தொந்தரவு என்று அவளைக் காது பரிசோதனை நிலையத்துக்கு அழைத்துப் போனேன். வந்ததுதான் வந்தோம் என்று அங்கே என்னையும் சோதித்தார்கள். அவளைச் சோதிக்க மறந்துவிட்டார்கள்.

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஒலி விட்டார்கள். கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். மீரான் பாய் செய்த அதே சோதனைதான். பரிசோதித்த பெண் ஒரு தாளை நீட்டினாள். இடமிருந்து வலமாக ஒரு கோடு. பாதி தூரம் ஓரளவு சமமாக வருகிறது. மூவாயிரம் ஹெர்ட்ஸில் கிணற்றுக்குள் விழுகிறது.

கடைசி ஒன்பது பிடிகளை யாரோ அடிவரை இறக்கி வைத்த ஈக்வலைசர் மாதிரியே இருந்தது.

“சார், ச, ஸ, ஃப மாதிரி எழுத்துகளோட சத்தமெல்லாம் இந்தப் பக்கம்தான் இருக்கு. மத்தவங்க பேசுறது கேக்கும், ஆனா தெளிவா இருக்காது. வாய்க்குள்ள முணங்குற மாதிரி இருக்கும். கொஞ்ச வருஷமாவே இப்படி இருந்திருக்கணுமே?” என்றாள்.

அவர்களுடைய கருவியின் துல்லியம் பற்றி விசாரித்தேன்.

ஜூலை 5, வெள்ளி

பதிவு செய்ய ஒன்றும் இல்லை.

ஜூலை 6, சனி

காலை பத்து மணிக்குத் தனியாகக் கோயிலுக்குப் போனேன். திருப்பி அனுப்புவதற்குள் பெட்டியை நானே ஒருமுறை சோதித்துவிடலாம் என்று எண்ணம். பேரன் என் கைப்பேசியில் ஏற்றித் தந்த நிரல் ஒன்று எந்த ஒலியையும் எழுப்பும். கைப்பேசியைப் பெட்டியோடு இணைத்து நாலாயிரம் ஹெர்ட்ஸை ஒலிக்கவிட்டேன். நிசப்தம். அதற்குரிய இருபத்து நான்காவது பிடியை உச்சிக்குத் தள்ளினேன். நிசப்தம்.

வாசற்படியில் காலனி நாய் ஒன்று படுத்திருந்தது. அது எழுந்து, உள்ளே என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது.

பிடியை அடிவரை இறக்கினேன். சற்று நேரத்தில் நாய் திரும்பி வந்து படுத்தது.

ஏற்றினேன். போய்விட்டது.

இறக்கினேன். வந்தது.

ஐந்தாயிரத்துக்கும் எட்டாயிரத்துக்கும் இதே போலச் செய்தேன். எட்டாயிரத்தில் நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது. நியாயம்தான்.

பழுது விவரம்: பெட்டியில் பழுது இல்லை. பிடிகள் முப்பத்தொன்றும் ஒழுங்காக இயங்குகின்றன. பழுது, இயக்குகிறவரின் இரண்டு காதுகளில்.

இதை எழுதி முடித்துவிட்டு முன் வரிசைப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஜெயசீலி மூன்றாவது வசனத்தில் நிறுத்திய இடம் எதிரே இருந்தது. ஒரு வாரம் பழகியிருந்தாள்.

ஜூலை 7, ஞாயிறு

அறிவிப்பு நேரத்தில் குருவானவரிடம் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கினேன். மைக் வேண்டாம் என்றுவிட்டேன்.

“பொட்டியில பழுது இல்ல. எங்காதுலதான் பழுது. கடைசி ஒன்பது பிடியும் எனக்குக் கேக்காது. அது தெரியாம ஏத்தி ஏத்தி உங்க எல்லாரையும் பாடாப் படுத்திட்டேன். மீரான் பாய் மேல நான் எழுதிக் கொடுத்தது தப்பு. என் வீட்டம்மா வாசிக்கும்போது சபைக்கு முன்னால அவங்களுக்குத் தலைகுனிவு வந்தது, அதுவும் என்னால. மன்னிச்சிருங்க.”

பெண்கள் பக்கம் பார்க்கத் தைரியம் இல்லை. சபை அமைதியாக இருந்தது. அமைதியாகத்தான் இருந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

பிறகு கமிட்டி. தீர்மானத்தை ரத்து செய்தார்கள். பொறுப்பிலிருந்து விலகுவதாகக் கடிதத்தை நீட்டினேன். குருவானவர் வாங்கக் கையை நீட்டியபோது சுகிர்தம் டீச்சர் குறுக்கிட்டார்.

“ஐயா, அண்ணாச்சிக்கு என்ன கேக்காதுன்னு இப்ப அண்ணாச்சிக்கே தெரியும். இந்தக் கமிட்டியில வேற யாருக்கு அது தெரியும்? இருபத்திரண்டு வரைக்கும் அவங்க பாக்கட்டும். மேல உள்ள ஒன்பதையும் நான் பாத்துக்கிடுதேன்.”

இந்த முறை ஒருமனதாக நிறைவேறியது. எண்ணிப் பார்த்தேன். டீச்சர் கை தூக்கியிருந்தார்.

ஜூலை 8, திங்கள்

மேலப்பாளையம் போனேன். மீரான் பாய் கடையில் ஒரு கூம்பு ஒலிபெருக்கியைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். ரத்துத் தீர்மானத்தின் நகலையும், மற்றக் கோயில்களுக்குக் காட்டும்படி என் கையெழுத்தில் ஒரு கடிதத்தையும் கொடுத்தேன். வாசித்துவிட்டுத் தேநீர் சொன்னார்.

“அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா பாய்?”

“இருபத்து மூணாவது பிடியிலேயே தெரிஞ்சிட்டு அண்ணாச்சி.”

“பிறகு ஏன் கமிட்டியில வாயத் தொறக்கல?”

“பத்துப் பேரு முன்னால ஒரு பெரிய மனுசரப் பாத்து ஒமக்குக் காது கேக்காதுன்னு எப்படிச் சொல்ல?” என்று சொல்லிவிட்டு, கடையில் வேறு யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். “இருபத்தஞ்சு வருசமா கூம்புக்குப் பக்கத்துல நிக்கேன். எனக்கும் இடது காது இருபத்தேழுக்கு மேல கெடையாது. யாராவது குத்தம் சொன்னா நானும் பொட்டி மேலதான் போடுவேன்.”

இருவரும் சிரித்தோம். என்ன சத்தத்தில் சிரித்தோமோ, எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்து பார்த்தார்.

ஜூலை 25, வியாழன்

காதுக் கருவி வந்தது. காதுக்குப் பின்னால் ஒரு புளியங்கொட்டை, அவ்வளவுதான். அதற்குள்ளும் ஓர் ஈக்வலைசர் இருக்கிறது என்றாள் அந்தப் பெண். கணினியில் பிடிகளைக் காட்டினாள். வலப்புறத்துப் பிடிகள் எல்லாம் ஏறி நின்றன. மீரான் பாயின் பெட்டி கழிக்கிற பெட்டி. இது கூட்டுகிற பெட்டி. தேவையான இடத்தில் மட்டும், தேவையான அளவு.

வெளியே வந்தால் என் சட்டை சத்தம் போடுகிறது. செருப்பு சத்தம் போடுகிறது. ஆட்டோவில் போகும்போது மருந்துச் சீட்டின் காகிதம் இவ்வளவு பேசும் என்று நினைத்ததில்லை. தலைவலி வந்தது. பழக ஒரு மாதம் ஆகுமாம்.

ஜூலை 28, ஞாயிறு

பிரதிஷ்டைப் பண்டிகை. கோயில் நிறைந்து வெளியே பந்தலிலும் கூட்டம். பெட்டிக்கு முன்னால் இடப்புறம் நான், வலப்புறம் சுகிர்தம் டீச்சர்.

பிள்ளைகள் பாடும்போது மெல்லிய ஊளை ஒன்று கிளம்பியது. கேட்டது. எனக்கே கேட்டது. இருபத்து மூன்று! என் கை பாய்ந்தது. டீச்சரின் கையும் பாய்ந்தது. இரண்டும் மோதிக்கொண்டன. டீச்சர் என் விரல்களைத் தட்டிவிட்டு, பிடியை நெல்லளவு இறக்கினார். ஊளை செத்தது. எல்லை எல்லைதான்.

ஜெயசீலியை இன்றைக்கு வேத பாடம் வாசிக்கும்படி குருவானவரிடம் கேட்டுக்கொண்டது நான். அவள் மறுத்தாள், டீச்சர் சம்மதிக்க வைத்தார். பதினான்கு வசனங்களையும் வாசித்தாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். முன் வரிசைகள் நான்கும் நிறைந்திருந்தன.

குருவானவரின் பிரசங்கம் முழுவதும் ஓர் எழுத்து விடாமல் கேட்டது. ஐம்பத்தைந்து நிமிடம். எல்லா முன்னேற்றத்திலும் ஒரு நஷ்டம் இருக்கிறது.

அசன விருந்து முடிந்து ஜெயசீலி முன்னால் வீட்டுக்குப் போய்விட்டாள். பெட்டியைப் பூட்டிவிட்டு நான் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. வெறுங்காலோடு கூடத்துக்குள் வந்தேன். அடுப்படியில் அவள் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டு, தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். சாதாரணக் குரலில், ஒளிவுமறைவே இல்லாமல். இத்தனை வருடமும் நான் பக்கத்து அறையில் இருக்கும்போதே இப்படித்தான் பேசியிருக்க வேண்டும்.

“ஒரு குழம்பு வச்சா குத்தம், ஒரு கறி வச்சா குத்தம். அந்தப் பழைய ரேடியோவத் தூக்கிப் போடுங்கன்னா போடமாட்டாரு. வீம்பு. பெறந்ததுல இருந்து வீம்பு.” ஒரு தட்டு விழுந்தது. எடுத்து வைத்தாள். “ஆனா சபை முழுக்கப் பாக்க எந்திச்சு நின்னு, எம்மேல தப்புன்னு சொன்னாரு பாரு. எங்கப்பா கூடச் செஞ்சிருக்க மாட்டாரு. நல்ல மனுசன்தான் போ.”

அப்படியே நின்றேன். இதற்கு மேல் கேட்பது முறையல்ல. அடியெடுத்து அடியெடுத்துத் திரும்பி, வாசலுக்குப் போய், செருப்பை மாட்டி, படியில் இரண்டு முறை பலமாகத் தட்டி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “சீலி, நான் வந்துட்டேன்” என்று சத்தமாகச் சொல்லி உள்ளே போனேன்.